வீக்கம் திரும்பி வர வேண்டிக்கொண்டேன்

மாசி மாதம், மயானக்கொள்ளைத் திருவிழா முடிந்த மறுவாரம். ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாக்கு மேலே போனபோது எதிலோ இடித்தது. மேலண்ணத்தில், வலது பக்கம், பல்லுக்கு உள்பக்கமாக ஒரு மேடு. வலி இல்லை. எரிச்சல் இல்லை. ரத்தம் இல்லை. அரைநெல்லிக்காய் அளவுக்கு மெத்தென்று இருந்தது. சூடாக எதையாவது வாயில் போட்டிருப்பேன், வெந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வலிக்காத நோயை நம்மைப் போன்றவர்கள் நோய் என்றே எடுத்துக்கொள்வதில்லை.

என் பெயர் கஸ்தூரி. செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டைத் தாண்டி உள்ளே இருக்கிற தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. எழுத்து முன்னே பின்னே இருந்தால் அங்காளம்மாவின் பிள்ளைகள் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருடம் ஆகிறது. ஒரே மகன் முருகேசன், ஓசூரில் கம்பெனி வேலை. மருமகள் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். வீட்டில் நான், கிரைண்டர், அலமாரியில் மேல்மலையனூர் அங்காளம்மா படம். வேறு யாரும் இல்லை. சாயங்காலம் தெருப் பெண்கள் பாத்திரத்தோடு வருவார்கள். அந்த ஒரு மணி நேரம் வாசலில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அவர்கள் போன பிறகு நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். பார்ப்பதற்கு இல்லை. வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்றுதான்.

பங்குனியில் அந்த மேடு ஈறு வரை இறங்கியது. கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். பல் வேரில் சீழ் பிடித்திருக்கும் என்று பிடுங்கினார். அவர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். இப்படி வருகிற எல்லோருக்கும் அதுதான் இருக்குமாம். ஆனால் பிடுங்கின இடம் ஆறவில்லை. குழி மூடுவதற்குப் பதிலாக அதற்குள்ளிருந்து சதை எழும்பி வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு வாட்டி காட்டிடுங்கம்மா" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம்தான். அங்கே நடந்து போனார், வண்டியில் வந்தார். நான் போகவில்லை. மருந்துக் கடையில் வீக்கத்துக்கு மாத்திரை கேட்டேன். சின்ன வெள்ளை மாத்திரை, காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் எந்த மருந்தையும் வாங்கி வந்த கையோடு விழுங்க மாட்டோம். அம்மா படத்தின் காலடியில் ஒரு ராத்திரி இருக்கும். காலையில் நெற்றியில் துன்னூறு பூசிக்கொண்டு அங்கிருந்து எடுத்துத்தான் போடுவோம். என் மாமியார் காலத்து வழக்கம். அந்த மாத்திரையையும் குங்குமப் பொட்டலத்துக்குள்ளே வைத்து, "தாயே, இது உன் கையால குடுத்ததா இருக்கட்டும்" என்று சொல்லித்தான் போட ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. மேடு கரைந்துவிட்டது. நாக்கை மேலே தடவிப் பார்க்கிறேன், வழவழவென்று இருக்கிறது. அம்மா படத்துக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டேன். எனக்கு மாத்திரை ஞாபகமே வரவில்லை. அம்மா எடுத்துவிட்டாள் என்று மட்டும்தான் தோன்றியது.

வைகாசியில் மேல்மலையனூர் போனேன். பக்கத்து வீட்டுப் பட்டம்மா அக்காவும் கூட வந்தது. அங்கே கோயில் வாசலில் வேண்டுதல் உரு விற்பார்கள், உங்களுக்குத் தெரியும். தகட்டில் அடித்த கண், கை, கால், வயிறு. எந்த உறுப்பு குணமானதோ அதை வாங்கி உண்டியலில் போடுவோம். கடைக்காரரிடம் வாய் கேட்டேன்.

"வாயி இல்லம்மா" என்றார்.

"இன்னாங்க, கண்ணு இருக்குது, காது இருக்குது, வாயி இல்லியா?"

"எத்தினி பேருக்கும்மா வாயில வருது? வர்றவங்க எல்லாம் காலு, கண்ணு, வயிறுதான் கேக்கறாங்க. ஒருத்தருக்கோசரம் அச்சு செய்ய முடியுமா? முகம் எடுத்துக்கோ. முகத்துலதான வாயி இருக்குது."

"அதுவும் ஞாயந்தான். உனுக்கு வாயிதான் முகத்துல பாதி" என்றது பட்டம்மா அக்கா. நான் சிரித்தேன். முகத்தையே வாங்கிப் போட்டேன். அந்தத் தகட்டு முகத்தில் வாய் இறுக்கி மூடியிருந்தது.

அங்கேயே பொங்கல் வைத்தோம். ஊருக்கு வந்து தெரு முழுக்கச் சொன்னேன். பிடுங்கின குழியில் சதை வளர்ந்ததும், டாக்டரே பயந்ததும், அம்மா வந்து துடைத்துவிட்டதும். மாவு வாங்க வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது.

மாத்திரை தீர்ந்தது. ஆனியில் மேடு திரும்பி வந்தது.

முதலில் நம்பவில்லை. கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு செல்போன் லைட்டை வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். அதே இடம். முன்னை விடப் பெரியது. அன்றைக்குச் சாயங்காலம் ரெண்டாவது தெருவிலிருந்து ஒரு பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு வாயெல்லாம் புண்.

"அத்த, உனுக்கு அம்மா பலிச்சாங்களே. உன் கையால கொஞ்சம் துன்னூறு வெச்சு வுடு. உன் ராசியில இதுக்கும் ஆறட்டும்."

துன்னூறு எடுத்து அந்தப் பிள்ளையின் நெற்றியில் வைத்தேன். என் வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான் வைத்தேன். அவர்கள் போன பிறகு கிரைண்டரைப் போட்டுவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நோயாளிக்கு நாலு பேர் இருப்பார்கள். குணமாகிவிட்டவளுக்கு யாரும் இல்லை. நான் ஊர் அறியக் குணமாகிவிட்டவள். "திரும்ப வந்துடுச்சு" என்று சொன்னால் அம்மாவைப் பொய்யாக்கினது போல ஆகும் என்று நினைத்தேன். இன்னொரு பயமும் இருந்தது. வாய் நோய்க்காரி கையால் அரைத்த மாவை யார் வாங்குவார்கள்? நானாகவே என் தம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டேன். வீட்டில் நான் ஒருத்திதான். யாருக்காகத் தனியாக வைத்தேனோ தெரியாது.

மறுபடியும் அதே மாத்திரை வாங்கினேன். அம்மா காலடியில் வைத்தேன். அடங்கியது. நிறுத்தினால் வந்தது. வந்தால் போட்டேன். இப்படியே ஆனி போய் ஆடி வந்தது. தெருவில் கூழ் வார்த்தார்கள். அந்தக் கூழைத்தான் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. மற்றதெல்லாம் வலது பக்கம் போனால் இடிக்கும். கன்னம் மரத்துப்போனது. முகம் கழுவினால் அந்தப் பக்கம் தண்ணீர் படுவதே தெரியாது. இன்னொரு பல்லும் ஆடியது.

மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான்.

"இன்னாம்மா, கொழகொழன்னு பேசற?"

"மிட்டாய் வாயில வெச்சிருக்கேன்டா."

"இந்த வயசுல மிட்டாயா? சுகர் வந்துடப் போவுது."

"வந்தா வரட்டும். உம் பொண்டாட்டி சாப்டாளா? கால் வீக்கம் இருக்குதா?"

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது. போனை வைத்துவிட்டு, சொல்ல நினைத்ததை எல்லாம் அம்மா படத்திடம் சொல்வேன். அவளும் பேசவில்லை.

மாத்திரையால் வீக்கம் அடங்கியிருந்தபோதே, ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்தால் தலையணையில் ரத்தம். அன்றைக்குத்தான் பட்டம்மா அக்காவிடம் கூடச் சொல்லாமல், மாவுப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, திண்டிவனம் போய் அங்கிருந்து புதுச்சேரி பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஒரே வேண்டுதல்தான். "தாயே, குணமாக்குன்னு இனிமே கேக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு நானே கொழப்பிட்டேன். இது இன்னான்னு சொல்றதுக்கு ஒரு ஆளை மட்டும் காட்டு."

அங்கே கேட்ட முதல் கேள்வி, "புகையிலை போடுவீங்களா? வெத்தலைப் பாக்கு?" இல்லை என்றேன். நம்பாமல் இன்னொருத்தரும் கேட்டார். வெற்றிலையை நலங்குத் தட்டில் தவிர நான் தொட்டது கிடையாது. ஆனாலும் வெட்கமாக இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை வெட்டி எடுத்தார்கள். தையல் போட்டு, ரிசல்ட்டுக்கு அப்புறம் வரச் சொன்னார்கள். வருகிற வழியில் பஸ் ஜன்னலில் சாய்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டே வந்தேன். செஞ்சிக்குள் நுழையும்போது கோட்டை மலை தெரிந்தது. பாறைமேல் பாறை, யாரும் தாங்காமல் நிற்கிறது. என்னைப் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் வந்த அன்று போனேன். ஒரு சின்ன டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். என் மருமகள் வயசுதான் இருக்கும். காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் தெளிவா தெரியலையேம்மா. வெறும் புண்ணு மாதிரி காட்டுது. ஆனா பல்லு ஆடறது, கன்னம் மரத்தது எல்லாம் பார்த்தா அப்படி இல்ல."

இவர்களுக்கும் தெரியவில்லையா? அந்தப் பெண் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நடுவுல எப்பவாவது வீக்கம் குறைஞ்சுதா?"

"குறைஞ்சுதும்மா. அங்காளம்மா குறைச்சா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன், இன்றைக்கு இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

"சரி. அம்மா குறைச்சப்போ நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்டல. கஞ்சிதான்."

"மருந்து, மாத்திரை?"

"மருந்து இல்லம்மா. அம்மா காலடியில வெச்சு எடுத்தது."

"எதை வெச்சு எடுத்தீங்க?"

இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தேன். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே மிச்ச மாத்திரை, குங்குமம் ஒட்டிச் சிவந்து கிடந்தது. அதை நான் இத்தனை நாளும் மருந்து என்றே நினைக்கவில்லை. யார் கேட்டாலும் மருந்து சாப்பிடவில்லை என்றுதான் சொல்லிவந்தேன். பொய் இல்லை. என் கணக்கில் அது பிரசாதம்.

டாக்டரம்மா மாத்திரையைத் துடைத்து அதன் மேல் இருந்த எழுத்தைப் பார்த்தாள். பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இது ஸ்டீராய்டு மாத்திரை. சில வீக்கத்தை இது கொஞ்ச நாளைக்கு அடக்கி வெச்சிடும். உள்ள இருக்கறது போகாது, ஒளிஞ்சுக்கும். ஒளிஞ்சிருக்கும்போது சதை எடுத்துப் பார்த்தா அது யாருன்னு தெரியாது. அதான் ரிசல்ட் இப்படி வந்திருக்கு."

"இப்ப இன்னா பண்றதும்மா?"

"மாத்திரையை நிறுத்திடுங்க. இது கூடவே கூடாது. வீக்கம் திரும்பி வரும். வந்தவுடனே ஓடி வாங்க. மூச்சு முட்டினா, முழுங்க முடியலைன்னா உடனே வாங்க. வராட்டியும் மாசக் கடைசியில வந்துடுங்க. ஆனா வந்தாதான் நல்லது. வந்தாதான் அதைப் பிடிக்க முடியும்."

வந்தால்தான் நல்லது. அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆவணி அமாவாசை. காலையிலேயே வளத்தி வழி பஸ்ஸில் மேல்மலையனூர் போய்விட்டேன், தனியாக. எள் போட்டால் விழாத கூட்டம். எலுமிச்சம்பழத்தோடு ஒருத்தர், வேப்பிலையோடு ஒருத்தர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தர். சுற்றி இருக்கிற அத்தனை பேரும் "போவணும் தாயே, போவணும்" என்று வேண்டுகிறார்கள். பேய் போக வேண்டும், காய்ச்சல் போக வேண்டும், குடி போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் "வரணும் தாயே" என்று நின்றேன்.

வாய் திறந்து சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டால் என்னைப் பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியிடம் தள்ளிக்கொண்டு போவார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளே சொன்னேன். "ஒளிஞ்சிருக்கறதை வெளியே கொண்டா. வீக்கத்தைத் திரும்பக் குடு. உன்னை நம்பித்தான் கேக்கறேன். கேக்கறதுக்கே பயமா இருக்குது."

உருக் கடையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். மூடின வாயோடு முகங்கள் வரிசையாகத் தொங்கின. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்புறம் காத்திருந்தேன். தினம் விடிந்ததும் வாசல் தெளிக்கும் முன்னாடி கண்ணாடி, செல்போன் லைட். அண்ணம் வழவழவென்று இருக்கும். மனசில் ஒரு ஓரம், "அம்மா நிஜமாவே எடுத்துட்டாளோ, இனிமே வரவே வராதோ" என்று ஆசைப்படும். இன்னொரு ஓரம், "சனியனே வந்து தொலை" என்று திட்டும். இரண்டும் நான்தான். ஒரு நாள் மாவு வாங்க வந்த பட்டம்மா அக்கா கேட்டது.

"இன்னாடி கஸ்தூரி, ஊமக்கோட்டான் மாதிரி ஆயிட்ட? பலிச்சதுல இருந்து உனுக்குப் பேச்சே கொறஞ்சு போச்சு. அம்மா வாயில பூட்டு போட்டுட்டாளா?"

சிரித்தேன். கரண்டியில் மாவை மொண்டு ஊற்றினேன்.

ஒரு காலை, முதல் வாய்க் காபி. சூடு மேலே பட்டு, நாக்கு போய் இடித்தது. லைட் அடித்துப் பார்த்தேன். வந்திருந்தது. பளபளவென்று, சிவந்து, நெல்லிக்காய் அளவுக்கு. சந்தோஷத்தில் அழுதேனா துக்கத்தில் அழுதேனா எனக்குத் தெரியாது. எழுந்து போய்க் கற்பூரம் ஏற்றினேன். வீக்கம் வந்ததற்குக் கற்பூரம் ஏற்றினவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை ஆழமாக எடுத்தார்கள். சாதாரணமாகப் பார்ப்பது போதாது, பல விதமான சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் இது எந்த ஜாதி என்று தெரியும் என்றார்கள். அதற்கு நாள் பிடித்தது. அதற்குள் மருமகளுக்கு அவள் அம்மா வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. என் பேரன். "வாம்மா, வந்து பாரு" என்று முருகேசன் கூப்பிட்டான். அன்றைக்குத்தான் எனக்கு ரிசல்ட்.

சின்ன டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "தெரிஞ்சுடுச்சும்மா. லிம்போமா. நெறி கட்டுது இல்ல, அந்த நெறியில வர்ற புற்றுநோய். அது வாய்க்குள்ள வர்றது ரொம்ப அபூர்வம். அதனாலதான் யாரும் உடனே நினைக்கல. புகையிலையால வந்தது இல்ல. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல."

அபூர்வம் என்றதும் எனக்கு உருக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. ஒருத்தருக்காக அச்சு செய்ய முடியுமா என்றாரே. அந்த ஒருத்தி நான்தான்.

"சாவு தானாம்மா?"

"யார் சொன்னா? இது மருந்துக்குக் கரையிற ஜாதி. வாயை வெட்ட வேண்டாம். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்து, எலும்புக்குள்ளயும் பார்த்துட்டு மருந்து ஏத்தலாம். கஷ்டமா இருக்கும். ஆனா தாங்கிடலாம்."

மருந்துச் சீட்டைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினாள். கடைசியில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதே மாத்திரையாம்மா? கூடாதுன்னீங்க?"

"அதே ஜாதிதாம்மா. தனியா போனா இது தோத்துடும். கொஞ்ச நேரம் மிரட்டிட்டு வந்துடும். இப்ப கூட நாலு மருந்து போவுது. சேர்ந்து போனாதான் வேலை ஆகும்."

சொல்லிவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "உங்க கூட யாரும்மா வந்திருக்காங்க?"

யாரும் வரவில்லை. மாத்திரைக்கே நாலு துணை வேண்டியிருக்கிறது. நான் மாசிக்கப்புறம் இத்தனை மாதமும் தனியாக அதோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அங்கேயே, அந்த நாற்காலியிலேயே மகனுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா வரல? பேரன் பொறந்திருக்கான், நீ இன்னா பாட்டி? மாவு விக்கறது உனுக்குப் பெருசா பூட்ச்சா?" என்று எடுத்ததும் கத்தினான்.

"முருகேசா, எனுக்கு வாயில கேன்சர்டா" என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் பேரனின் குரலை முதல் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

சாயங்காலம் பட்டம்மா அக்கா வீட்டுக்கு நானே போனேன். வைகாசியில் வைத்த பொங்கலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. அக்கா பாத்திரம் இனி என் வாசலுக்கு வராது என்று நினைத்து எழுந்தேன்.

"உக்காருடி. அப்ப நாம வெச்ச பொங்கலு இன்னா ஆவறது?"

"எனுக்கு எப்படிக்கா தெரியும்?"

"முன்பணம்னு வெச்சுக்க சொல்லு அம்மாவை." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டது. "நாளைக்கி மாவு இருக்குதா இல்லியா? வூட்டுக்கு ஒரம்பர, சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. ரெண்டு படி வேணும்."

அந்தக் கேள்வியைத்தான் நான் அம்மாவின் வாக்காக எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அக்கா போல இல்லை. சில வீட்டுப் பாத்திரம் வருவது நின்றது. அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, தொற்றாத நோய் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? துன்னூறு வாங்கிப் போன அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் நடந்தாள். அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

ஐப்பசியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை. முதல் தடவைக்கு முருகேசன் வந்தான். அப்புறம் லீவு கிடைக்கவில்லை. பட்டம்மா அக்கா முடிந்தபோதெல்லாம் வந்தது. மற்றபடி தனியாகத்தான் போய் வந்தேன். சிவப்பு மருந்து என்று ஒன்று ஏறும். குங்குமம் கரைத்தது போல இருக்கும். அது இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். முடி கொத்துக் கொத்தாகப் போனது. வாய் முழுக்கப் புண். சோறும் மண்ணும் ஒரே ருசி. பொங்கல் அன்றைக்குத் தெருவே "பொங்கலோ பொங்கல்" என்று கூவுகிறது. நான் உள்ளே ஆறின மோர்ச்சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் சேரக்கூடாது, கிருமி தொற்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசல் வரை வந்தவர்கள் வாசலோடு போனார்கள். கிரைண்டரைப் பட்டம்மா அக்கா ஓட்டியது. உப்பு கரித்துக்கொட்டியது என்று தெருவில் புகார்.

அப்போதும் தனிமைதான். ஆனால் ஒளித்துவைத்த தனிமை வேறு, தெரிந்து இருக்கிற தனிமை வேறு. முன்னது மனுஷியைத் தின்றுவிடும். பின்னதில் அம்மா வந்து பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறது. உட்கார்ந்தாள். நான் உணர்ந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மருந்திலேயே வீக்கம் கரைய ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் வைக்கவில்லை. எல்லா மருந்தும் முடிந்து, சித்திரையில் மறுபடி ஸ்கேன் எடுத்து, சின்ன டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டி "எங்கேயும் இல்லம்மா" என்று சொன்ன பிறகுதான் அழுதேன். "அடிக்கடி வந்து காட்டணும். திரும்பவும் வரலாம். வந்தா பார்த்துக்கலாம்" என்றாள். இன்று வரை போய்க் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று வரை இல்லை.

அந்த வைகாசியில் மேல்மலையனூர் போனோம். நான், பட்டம்மா அக்கா, முருகேசன், மருமகள், மடியில் பேரன். உருக் கடைக்காரர் அதே இடத்தில் இருந்தார். பழக்கத்தில் கேட்டேன். வாய் இன்னும் வரவில்லை. முகம்தான் இருந்தது, அதே மூடின வாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சந்நிதியில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். நானும் இத்தனை நாளும் அப்படித்தான் நின்றேன். அன்றைக்கு முந்தானையை எடுத்தேன். தலையை நிமிர்த்தி, டாக்டரம்மாவுக்குக் காட்டுகிற மாதிரி, வாயை நன்றாகத் திறந்து அம்மாவுக்குக் காட்டினேன். அண்ணம், பிடுங்கின பல்லின் குழி, எல்லாவற்றையும்.

"ஏய், இன்னாடி இது? பூசாரி பாக்கறாரு, மூடுடி" என்று அக்கா விலாவில் இடித்தது. பேரன் என்னைப் பார்த்து அவனும் வாயை ஆவென்று திறந்தான். ஒரே ஒரு பல்.

இப்போது மாவு விற்கும்போது நான் வாயை மூடுவதில்லை. வாயில் ஆறாத புண், வலிக்காத வீக்கம், காரணம் இல்லாமல் ஆடுகிற பல் என்று யார் சொன்னாலும், "மொதல்ல போய்க் காட்டு, சாப்டதை எல்லாம் மறைக்காம சொல்லு" என்கிறேன். துன்னூறு கேட்டால் அதையும் வைத்து அனுப்புகிறேன். ஒரு நாள், எதிர்ப் பக்கம் நடந்து போன அந்தப் பெண்ணே பாத்திரத்தோடு வந்தாள். நான் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது, நான் இருந்த மாதிரி, முந்தானைக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மா எனக்குச் செய்த முதல் உபகாரம் குணம் இல்லை. ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்தாள். அதைக் கேட்கப் பயமாகத்தான் இருக்கும். கேளுங்கள். காட்டுவாள். காட்டின பிறகு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட யாரும் இல்லை என்றால் செஞ்சிக்கு வந்து மாவு அரைக்கிற கஸ்தூரி வீடு எது என்று கேளுங்கள். புதுச்சேரி பஸ் எனக்கு நன்றாகத் தெரியும்.